‘நோ சிக்னல்’ என்பது இறப்புச் சான்றிதழா?

சென்ற வாரம் கடற்கரைச் சாலையில் மாலை நடைக்கு வந்த நண்பர் ஒருவர், வீட்டுக் கணினி செத்துப் போய்விட்டது என்றார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஆன் பண்ணினா ஃபேன் ஓடுது, லைட் எரியுது. திரையில மட்டும் நோ சிக்னல்னு வருது சார். கடைப் பையன் வந்து பார்த்தான். போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்கன்னுட்டான்."

"பெட்டியைத் திறந்து பார்த்தானா?"

"இல்லையே."

"வேற கேபிள் போட்டுப் பார்த்தானா?"

"அதுவும் இல்லை. காபி குடிச்சிட்டுப் போயிட்டான்."

ஒரு காபி ஆறும் நேரத்தில் இறப்புச் சான்றிதழ் எழுதியாகிவிட்டது. மூன்று ஆண்டுகளில் இந்தக் கதையை நான் கேட்பது இது நான்காவது முறை. நான்கில் ஒன்று என்னுடைய கதை. ஒன்றில் கடைக்காரர் சொன்னது உண்மையாகவே சரி. இன்னொன்றை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் 33 ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். கோப்பைத் திறக்காமலே உத்தரவு போட்ட அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த உத்தரவுகளைத் திருத்துவதிலேயே என் பணிக்காலத்தில் பாதி போயிற்று. பெட்டியைத் திறக்காமல் "போர்டு போச்சு" என்பதும் அதே வகை உத்தரவுதான். இதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு பணத்தை எடுத்து வைக்கும் நம் தலைமுறையின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு சைக்கிள் செயினை நாமே மாட்டினோம். ரேடியோ கரகரத்தால் பின்பலகையைக் கழற்றித் தூசி தட்டினோம். கணினி என்று வந்ததும் "நமக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்று கையைக் கட்டிக்கொள்கிறோம்.

முதலில் அந்த இரண்டு சொற்களுக்கு என்ன பொருள் என்று பார்ப்போம். ‘நோ சிக்னல்’ என்று எழுதுவது கணினி அல்ல, மானிட்டர். அது எழுத முடிகிறது என்றாலே அதற்கு மின்சாரம் வருகிறது, திரை நன்றாக இருக்கிறது என்று பொருள். "நான் விழித்திருக்கிறேன், எனக்குப் படம் எதுவும் வந்து சேரவில்லை" என்கிறது, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று அதற்குத் தெரியாது. கேபிள் தளர்ந்திருக்கலாம், தவறான துளையில் செருகியிருக்கலாம், நினைவக அட்டை சரியாக உட்காராமல் இருக்கலாம், கடைசியாக, போர்டும் போயிருக்கலாம். பத்துக் காரணங்களில் மிகச் செலவான ஒன்றை மட்டும் எடுத்து முதல் வரியிலேயே சொல்வதற்குப் பெயர் பழுது பார்த்தலா?

மானிட்டரும் கணினியும் ஒன்றையொன்று எப்படி அடையாளம் காண்கின்றன என்பது ஒன்றும் மந்திரமல்ல. மானிட்டருக்குள் ஒரு சிறு குறிப்பு உண்டு. தயாரித்தவர் யார், திரையின் அளவு என்ன, எந்தெந்தத் தெளிவில் படம் காட்ட முடியும் என்ற விவரங்கள் அதில் இருக்கும். அடிப்படைக் குறிப்பின் நீளம் 128 பைட்தான். இதற்கு ஈடிஐடி என்று பெயர். கணினி கேபிள் வழியாக இதைப் படித்துத்தான் எந்த அளவில் படம் அனுப்புவது என்று முடிவு செய்கிறது. நம்மில் பலர் வீட்டில் இன்னும் இருக்கும், இரண்டு பக்கமும் திருகு வைத்த நீலநிறத் தலை கொண்ட விஜிஏ கேபிள், 1987ல் ஐபிஎம் கொண்டுவந்த ஏற்பாடு. மூன்று வரிசையில் 15 ஊசிகள். அவற்றில் 12ஆவதும் 15ஆவதும்தான் இந்தக் குறிப்பைக் கொண்டு செல்பவை. அவை வளைந்தாலோ ஒடிந்தாலோ கணினிக்கு எதிரே இருப்பது யார் என்று தெரியாமல் போகும். (நடுவரிசையில் ஒன்பதாவது ஊசி பல கேபிள்களில் பிறவியிலேயே இருக்காது. அதைப் பார்த்துவிட்டு ஒடிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.) எச்டிஎம்ஐ கேபிளில் 19ஆவது முனை "மானிட்டர் வந்துவிட்டது" என்று அறிவிப்பதற்காகவே இருக்கிறது. இத்தனை நுணுக்கமான ஏற்பாடு அரை மில்லிமீட்டர் தளர்ந்த கேபிளால் நின்றுபோகும். அதற்கு யாராவது போர்டு மாற்றுவார்களா?

இனி என் கதை. ஒரு நவம்பர் மாதம், விடாத மழை. காலையில் கணினியைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரையில் நோ சிக்னல். பிறகு மானிட்டரின் விளக்கு மஞ்சளாகி அதுவும் தூங்கப் போய்விட்டது. பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்தவர் சுவிட்சைப் போட்டார், அணைத்தார். "போர்டு போச்சு சார். இந்த மாடலுக்கு இப்ப போர்டு கிடைக்காது. போர்டு, பிராசஸர், ராம் மூணும் மாத்தணும். பதினெட்டாயிரம் ஆகும்" என்றார். ஓய்வூதியக்காரனுக்கு அது சிறிய தொகை இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

வீட்டில் இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி, "என்னங்க அது, பெட்டி கத்துதே?" என்றாள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். குனிந்து கேட்டால் உண்மைதான். ஒரு நீண்ட ஒலி, சிறிது இடைவெளி, மறுபடியும் நீண்ட ஒலி. கடைச் சந்தடியில் அது எனக்கும் கேட்கவில்லை, கேட்க வேண்டியவரும் காது கொடுக்கவில்லை.

கணினி கண் விழித்ததும் முதலில் தன்னையே சோதித்துக்கொள்ளும். திரைக்குப் படம் அனுப்பும் நிலைக்கு வருவதற்கு முன்பே கோளாறு தெரிந்தால் எழுதிக் காட்ட வழியில்லை. அதனால் ஒலியால் சொல்கிறது. எந்த ஒலிக்கு என்ன பொருள் என்பது போர்டில் உள்ள பயாஸ் தயாரிப்பாளரைப் பொறுத்தது. என்னுடையது அவார்டு பயாஸ். அதில் நீண்ட ஒலி திரும்பத் திரும்ப வந்தால் நினைவகத்தில், அதாவது ராமில் கோளாறு. ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறும் ஒலிகளும் வந்தால் திரைப் பகுதியில் கோளாறு. கணினியோடு வந்த சிறு புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது; பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறோம், படிப்பதில்லை. புதிய போர்டுகள் சிலவற்றில் ஒலிக்குப் பதிலாக சிபியு, டி-ராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

மின்கம்பியைப் பிடுங்கினேன். பக்கத் தகட்டைக் கழற்றினேன். ராம் அட்டையின் இரு முனைக் கொக்கிகளையும் விலக்கி வெளியே எடுத்தேன். அதன் விளிம்பில் பொன்னிறப் பட்டைகள் இருக்கும். கடலோர ஊரின் ஈரமும் தூசியும் சேர்ந்து அவற்றில் மங்கலாகப் படிந்திருந்தது. பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதித் துடைத்து, ‘டக்’ என்று கொக்கி விழும்வரை அழுத்திப் பொருத்தினேன். சுவிட்சைப் போட்டேன். ஒரே ஒரு குறும் ஒலி. திரையில் படம். பதினெட்டாயிரம் ரூபாய் நோயை ஐந்து ரூபாய் ரப்பர் தீர்த்தது. இந்தக் கட்டுரையை அந்தக் கணினியில்தான் தட்டச்சு செய்கிறேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளி இறுதி வகுப்பில் தெகார்த் 1637ல் எழுதிய ‘முறை பற்றிய உரை’யை உருப்போட வைத்தார்கள். அதில் நான்கு விதிகள் உண்டு. தெளிவாகத் தெரியாத எதையும் உண்மை என்று ஏற்காதே. சிக்கலைச் சிறு பகுதிகளாகப் பிரி. எளியதில் தொடங்கிக் கடினத்துக்குப் போ. எதுவும் விடுபடாதபடி கணக்கெடு. அன்று மதிப்பெண்ணுக்காகப் படித்தது, அறுபது ஆண்டு கழித்துக் கணினிப் பெட்டிக்கு முன்னால் உதவியது. அந்த வரிசையிலேயே சொல்கிறேன். தாளில் எழுதிக் கணினி மேசையில் ஒட்டிவையுங்கள்.

முதலில் மானிட்டர். விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் அதன் மின்கம்பியைப் பாருங்கள். விளக்கு எரிந்து நோ சிக்னல் என்று வந்தால், மானிட்டர் எந்த வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கவனியுங்கள். கேபிள் விஜிஏவில் இருக்க, மானிட்டர் எச்டிஎம்ஐயை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம். கடற்கரை நண்பர் வீட்டுக்கு அன்றே போனேன். அவர் வீட்டில் நடந்திருந்தது இதுதான். துடைக்கும்போது மானிட்டரின் அடியில் உள்ள பொத்தான் அழுந்தியிருக்கிறது. இரண்டு நிமிட வேலை. எனக்கும் ஒரு காபி கிடைத்தது.

இரண்டாவது கேபிள். இரு முனைகளையும் கழற்றி, ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடி அழுத்திச் செருகுங்கள். விஜிஏ என்றால் திருகுகளை முடுக்குங்கள். முடிந்தால் வேறு கேபிளில் சோதியுங்கள்.

மூன்றாவது, செருகிய இடம். கணினிப் பெட்டியின் பின்புறம் சில வீடுகளில் இரண்டு இடங்களில் திரைத் துளைகள் இருக்கும். மேலே போர்டோடு சேர்ந்தவை, கீழே கிடைவரிசையில் தனி கிராபிக்ஸ் கார்டில் இருப்பவை. தனி கார்டு இருந்தால் பெரும்பாலும் மேலே உள்ளவை வேலை செய்யாது. விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் மேசையை நகர்த்திவிட்டு மேல் துளையில் செருகிவிட்டுப் போவார்கள். அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு நமக்கு நோ சிக்னல்.

நான்காவது, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வடியும். பிறகு கம்பியைச் செருகிப் போட்டுப் பாருங்கள். சில சமயம் இதுவே போதும்.

ஐந்தாவது, நான் செய்த ராம் வேலை. இரண்டு அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தொடுவதற்கு முன் பெட்டியின் இரும்புப் பகுதியை ஒரு முறை தொட்டுவிட்டு, பட்டையில் விரல் படாமல் விளிம்பைப் பிடியுங்கள்.

ஆறாவது, போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி. தேதி அடிக்கடி தவறாகக் காட்டியிருந்தால் அது தீர்ந்துவிட்டது. மின்கம்பி பிடுங்கிய நிலையில் அதைச் சில நிமிடம் கழற்றி வைத்துப் புதியது போட்டால், குழம்பிய அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். சில கணினிகள் அதன்பின் எழுந்திருக்கின்றன.

முதலில் நிறுவனத்தின் சின்னம் தெரிந்து, பிறகு திரை இருண்டால் கதை வேறு. அங்கே போர்டும் கேபிளும் படத்தை ஒரு முறை காட்டிவிட்டன; பெரும்பாலும் விண்டோஸ் பக்கத்துக் கோளாறு. விண்டோஸ் விசையோடு ‘பி’யை அழுத்தினால் எந்தத் திரையில் காட்டுவது என்று மாற்றலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு ‘பி’ஐ, அதாவது பாம்பே என்பதன் முதல் எழுத்தை, அழுத்தினால் திரை இயக்கி புதிதாகத் தொடங்கும். முதலில் சொன்னது பாண்டிச்சேரியின் எழுத்து, இரண்டாவது பாம்பேயின் எழுத்து, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒன்றை மட்டும் தொடவே கூடாது. மின்கம்பி வந்து சேரும் இரும்புப் பெட்டி, எஸ்எம்பிஎஸ், அதைத் திறக்காதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

எப்போதுமே கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய பெட்டியை நானே திறந்தேன். போர்டில் உருளை வடிவ கெபாசிட்டர்கள் மூன்று தலை உப்பி, ஒன்று கசிந்திருந்தது. போர்டு போனது போனதுதான். அவரும் புதியது வாங்கினார். ஆனால் அங்கே காரணம் கண்ணால் பார்க்கக் கூடியதாக இருந்தது. நான் கேட்பது அதைத்தான். போனது என்றால் எது போனது, எப்படித் தெரிந்தது என்று காட்டுங்கள்.

கடைப் பையன்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்து, ரப்பரால் துடைத்துச் சரிசெய்து, முந்நூறு ரூபாய் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "ரப்பர் போட்டுத் தேய்ச்சதுக்கு முந்நூறா?" அதே கையால் பதினெட்டாயிரத்துக்குப் புதுப் பெட்டியை முனகாமல் வாங்குகிறோம். அறிவுக்குக் கூலி தர மாட்டோம், பொருளுக்குத் தருவோம் என்றால் பொருளைத்தான் விற்பார்கள். நோயைக் கண்டுபிடிப்பதற்கு டாக்டருக்குப் பணம் தருகிறோம் அல்லவா? மருந்தே எழுதாமல் "ஒன்றுமில்லை, போங்கள்" என்றாலும் தருகிறோம். இங்கும் அதைப் பழக வேண்டும்.

சட்டம் செய்ய வேண்டியதும் உண்டு. பிரான்சில் 2015லேயே, பொருள் சீக்கிரம் பாழாக வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்வதைக் குற்றமாக்கினார்கள். 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து மடிக்கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி போன்றவற்றில், எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்க முடியும் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுக் கடையில் காட்ட வேண்டும் என்று விதித்தார்கள். நம் நாட்டிலும் 2022ல் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. மின்னணுக் கழிவுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. நல்லதுதான். ஆனால் கழிவை எங்கே கொட்டுவது என்பதற்கு முன், அது கழிவுதானா என்று யார் முடிவு செய்வது என்ற கேள்வி இருக்கிறது. இன்று அதை முடிவு செய்பவர், புதியதை விற்பவர். மாடு செத்ததா என்று தோல் வியாபாரியிடம் கேட்கிறோம்.

கடைசியாக, வெட்கமான கதை. என் கணினி மக்கர் செய்வதற்கு ஓராண்டு முன்பு, என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் போன் செய்தார். அவர் மனைவி மறைந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. கணினியில் நோ சிக்னல் என்று வருகிறதாம், கடையில் போர்டு போய்விட்டது என்கிறார்களாம், பழையதை எடுத்துக்கொண்டு புதியதில் ஆயிரத்து இருநூறு குறைப்பார்களாம், கொடுக்கலாமா என்று கேட்டார். "பழசுதானே, கொடுத்துட்டுப் புதுசு வாங்குங்க" என்று சொன்னது நான்தான்.

இரண்டு வாரம் கழித்து அவர் கேட்டார், பழைய படங்களைப் புதியதில் எப்படிக் கொண்டுவருவது என்று. பதினோரு ஆண்டுப் படங்கள். பேத்தியைத் தொட்டிலில் போட்ட அன்று அந்த அம்மாள் பாடியதன் பதிவு. எல்லாம் அந்தப் பழைய பெட்டியின் ஹார்ட் டிஸ்கில். கடைக்கு ஓடினோம். பெட்டிகள் மொத்தமாகப் பழைய சாமான் எடுப்பவரிடம் போய்விட்டன என்றார்கள்.

திரையில் படம் வராததற்கும் ஹார்ட் டிஸ்கில் இருப்பதற்கும் சம்பந்தமில்லை. போர்டே எரிந்திருந்தாலும் நான்கு திருகைக் கழற்றி டிஸ்கை எடுத்து வேறு கணினியில் மாட்டிப் படித்திருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தைக் கடைக்காரர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை; அன்று எனக்குத் தோன்றவில்லை. அவர் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ரப்பரால் என் கணினி பிழைத்ததை அவரிடம் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. கேட்டுவிட்டு, "ரப்பர்தானா?" என்றார். வேறெதுவும் பேசவில்லை.

ஆகவே நண்பர்களே, நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியைத் திறந்து காட்டாமல் "போர்டு போச்சு" என்பவருக்குப் புதியதற்கான பணம் தராதீர்கள். திறந்து பார்த்துக் காரணம் சொல்பவருக்கு, ரப்பரால் துடைத்தாலும் முழுக் கூலி கொடுங்கள். எதை மாற்றினாலும் ரசீதும் பழைய பாகமும் கேட்டு வாங்குங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரசீது தராமல் இருப்பது முறையற்ற வணிக நடைமுறை. எந்தக் கணினியும் உங்கள் வீட்டுப் படியைத் தாண்டிப் போகுமுன் அதன் ஹார்ட் டிஸ்க் உங்கள் கையில் இருக்கட்டும்.

இது எதுவும் சரிப்படவில்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள். ரப்பர் கொண்டுவருகிறேன்.